விதியா மதியா என்று வருஷா வருஷம் கேட்கும் கொடை விழாக் குழுவுக்கு

அன்புள்ள கொடை விழாக் குழு அண்ணாச்சிமாருக்கும், பெரியப்பா சித்தப்பாமாருக்கும்,

மேலத்தெரு மச்சுவீட்டுப் பிள்ளை எழுதுகிறேன். வணக்கம்.

ஊர்க் கோயில் கொடைக்கு நாள் குறித்தாகிவிட்டது, வரி நோட்டும் தெருவுக்குள் வந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைக்கட்டு வரி கிடையாது. வழக்கம்போல என் பெயரில் நன்கொடை எழுதிக்கொள்ளுங்கள். அதோடு அம்மா இன்னொன்றும் சொன்னாள். இந்த வருஷமும் இரண்டாம் நாள் ராத்திரி பட்டிமன்றம் உண்டாம். தலைப்பு அதேதான்: 'மனித வாழ்வை நடத்துவது விதியா? மதியா?'

அதைப் பற்றித்தான் இந்த மடல். உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே தலைப்பை முக்கூடல் பக்கமும் கேட்டிருக்கிறேன், வள்ளியூர் பக்கமும் கேட்டிருக்கிறேன். எல்லா ஊர்க் குழுக்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

போன வருஷம் நான் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மதி அணியில் இரண்டாவதாகப் பேசியவர் கெட்டிக்காரர். சிரிக்க வைத்துக்கொண்டே வந்து, பாதிப் பேச்சில் குடிக்கு வந்தார். "குடிக்கிறவன்கிட்ட கேட்டா என் தலைவிதிங்கான். ஏன் வே, பாட்டில் தானா நடந்து வந்து, தானா மூடியைத் திறந்து, உம்ம வாயில ஊத்திட்டுப் போச்சா? மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுரலாம்!" பந்தலே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் ஆம்பளைகள் பக்கம் மூன்றாவது வரிசையில் சித்தப்பா மகன், எங்கள் அண்ணன், எழுந்திருப்பதைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனான்.

அன்றைக்கு அவன் குடியை விட்டு 11 மாசம். அது ஊருக்கே தெரியும். அங்கிருந்து எழுந்தவன் வீட்டுக்குப் போகவில்லை, தென்னந்தோப்புக்குப் போனான். கொடை நடக்கிற மூன்று நாளும் தோப்புக்குள் என்ன விற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "எழுது. பேரைப் போடாத. ஊருக்கே தெரியும், இருந்தாலும் பேரைப் போடாத" என்றான்.

பேச்சாளரைக் குறை சொல்ல வரவில்லை. கொடுத்த தலைப்புக்குப் பேசினார், கூலி வாங்கினார். விதி அணி மட்டும் என்ன வாழ்ந்தது? "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அப்பன் குடிச்சான், மகன் குடிக்கான், பேரன் குடிப்பான்" என்று அவர்கள் அடித்து விட்டார்கள். ஓர் அணிக்கு அண்ணன் அயோக்கியன், இன்னோர் அணிக்கு அவன் செத்த பிணம். பத்தரை மணிக்கு நடுவர் மதிக்குத் தீர்ப்புச் சொல்லி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு வேன் ஏறினார்.

நான் பாளையங்கோட்டையில் உளவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். நீங்கள் நடத்துகிற இதே வழக்கு எங்கள் படிப்பிலும் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. விதிக் கட்சியில் பெரிய தலைகள் உண்டு. வாய் தவறி வந்த சொல்லுக்கும், மறந்துபோன பெயருக்கும்கூட உள்ளே ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது என்று 1901-இலேயே எழுதினார் ஃப்ராய்ட். நல்ல ஆரோக்கியமான 12 குழந்தைகளைக் கொடுங்கள், என் முறையில் வளர்த்து எதை வேண்டுமானாலும் டாக்டராக்குகிறேன், திருடனாக்குகிறேன் என்றார் வாட்சன். (கையிலிருக்கும் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறேன் என்று கையோடு அவரே ஒப்புக்கொண்டார். அதைப் பாதிப் பேர் சொல்வதில்லை.) மதிக் கட்சிக்கு வில்லியம் ஜேம்ஸ். 1870-இல், 28 வயதில், மனசு உடைந்து கிடந்த அந்த மனிதர் தன் நாட்குறிப்பில் எழுதினார்: என் சுய விருப்பத்தின் முதல் வேலை, சுய விருப்பம் என்று ஒன்று உண்டு என்று நம்புவதுதான். எழுந்து நடமாடத் தொடங்கினார். பிற்பாடு, மனுஷன் தன் வழியைத் தானே தேர்ந்தெடுக்க முடியும் என்று சொல்லிக்கொண்டு கார்ல் ரோஜர்ஸ் வந்தார், மாஸ்லோ வந்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உளவியல்காரர்கள் சொல்லும் விதி, நம் ஊர் தலையெழுத்து இல்லை. தலையெழுத்து என்றால் நீ என்ன செய்தாலும் முடிவு ஒன்றுதான். அவர்கள் சொல்வது, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, நீ செய்வதும் அந்தக் காரணங்களில் ஒன்று என்பது. காற்றில் சாய வேண்டும் என்று இருந்தால் சாயட்டும் என்று களக்காட்டில் யாராவது வாழைக்கு முட்டுக் கொடுக்காமல் விடுகிறார்களா? காற்றுக்கும் காரணம் உண்டு, சாய்வதற்கும் காரணம் உண்டு, கம்பும் ஒரு காரணம். பட்டிமன்றத்தில் இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். திருக்குறளுக்கும் அதே கதிதான். 38-வது அதிகாரத்தின் கடைசிக் குறள் ஊழ்தான் முந்தி நிற்கும் என்கிறது. 62-வது அதிகாரத்தின் கடைசிக் குறள் சளைக்காமல் முயல்பவர் ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். அணிக்கு ஒன்றாகப் பிரித்துக்கொடுத்தது நாம்தான்.

இப்போது கொஞ்சம் பொறுமையாக ஒரு சோதனையைக் கேளுங்கள். 1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க அறிஞர் வெளியிட்டது. ஆட்களை உட்கார வைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, "உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கையை அசையுங்கள்" என்றார். எதிரே கடிகாரம் போல ஒரு வட்டம். அதில் ஒரு புள்ளி 2.56 விநாடிக்கு ஒரு சுற்று வரும். அசைக்கலாம் என்ற நினைப்பு வந்த கணத்தில் புள்ளி எங்கே நின்றது என்று அவர்கள் சொல்ல வேண்டும். கணக்குப் பார்த்தால், நினைப்பு வந்தது அசைவுக்குச் சுமார் 200 மில்லி விநாடி முன்னால். மூளையிலோ அதற்கான மின்மாற்றம் அசைவுக்குச் சுமார் 550 மில்லி விநாடி முன்பே கிளம்பிவிட்டிருந்தது. 'நான்தான் முடிவெடுத்தேன்' என்று நமக்குத் தோன்றுவதற்கு முன்னாலேயே உள்ளே யாரோ அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பின்பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "அப்போ நேத்து நான் கிளாஸ் கட் அடிச்சது என் தப்பு இல்லல்லா மேடம்?" வருஷத்துக்கு ஒரு பிள்ளை இதைக் கேட்கும். முகம் மட்டும் மாறும்.

பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு மனுஷனுக்கு மதியே இல்லை என்று எழுதித் தள்ளின. லிபெட் அப்படிச் சொல்லவில்லை. கிளம்பியதைக் கடைசி நொடியில் நிறுத்தும் சக்தி நமக்கு உண்டு என்றே அவர் கருதினார். 2012-இல் ஆரோன் ஷுர்கர் என்பவரும் கூட வேலை பார்த்தவர்களும் வேறு விளக்கம் கொடுத்தார்கள். மூளைக்குள் எந்நேரமும் ஓர் இரைச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது தற்செயலாக ஓர் அளவைத் தாண்டும்போது கை அசைகிறது. அசைந்த நேரங்களை மட்டும் பொறுக்கிப் பின்னோக்கிப் பார்ப்பதால், முன்கூட்டியே முடிவெடுத்தது போலத் தெரிகிறது என்றார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆற்றுத் தண்ணீர் சூழ்ந்த நாட்களை மட்டும் பொறுக்கி, அதற்கு முந்தின நாட்களின் நீர்மட்டத்தைப் பாருங்கள். எல்லா வருஷமும் ஏறிக்கொண்டேதான் வந்திருக்கும். கோயிலை மூழ்கடிக்க ஆறு முதல் நாளே முடிவெடுத்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

எனக்கு இதில் வேறொரு சங்கடம். காரணமே இல்லாமல் கையை அசைப்பதையா நாம் முடிவு என்கிறோம்? நான் பார்த்த முடிவுகளெல்லாம் வேறு மாதிரி. அண்ணனுடையதைச் சொல்கிறேன்.

அண்ணன் கொத்தனார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். பஸ் இறங்குகிற முக்கிலிருந்து வீட்டுக்கு இரண்டு வழி. நேர் வழியில் போனால் ஐந்து நிமிஷம், நடுவில் கடை. இன்னொன்று வாய்க்கால் கரை. கால் மணி நேரம் ஆகும். லைட் கிடையாது. ஒரு பக்கம் தாழம்புதர், மழைக்காலத்தில் பாம்பு. குடியை விட்ட நாளிலிருந்து அவன் கரை வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறான், கையில் டார்ச்சோடு. ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு என்று கேட்டேன். "கடை வாசல்ல நின்னுக்கிட்டு வேண்டாம்னு சொல்ல என்னால முடியாது தாயி. முக்குல நின்னு சொல்லுதேன். அங்கன முடியும்" என்றான்.

எத்தனையோ பாடப்புத்தகம் வாங்கியிருக்கிறேன். மதி எங்கே நிற்கிறது என்று இவ்வளவு துல்லியமாக இடம் காட்டிய புத்தகம் ஒன்றும் கையில் கிடைத்ததில்லை.

அதோடு நிற்கவில்லை. சம்பளத்தை மதினி கையில் கொடுத்துவிடுங்கள் என்று அவனே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான். கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் அதைச் சொல்ல எவ்வளவு தொண்டைக்குழி அடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சில்லுக்கருப்பட்டிப் பொட்டலம். ஆறு மணிக்கு நாக்கு தேடும், அப்போது வாயில் போட. சிமெண்டுக் கையைக் கழுவுவது, ஆறு மணி இருட்டு, சனிக்கிழமை, கையில் காசு: இருபது வருஷமாக இவையெல்லாம் ஒன்றுசேர்ந்தால் அடுத்து குடிதான் என்று அவன் உடம்பு பழகியிருக்கிறது. அந்த நேரத்தில் எழும் தாகத்தை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. சோறு வைக்கும்போதெல்லாம் மணியடித்துப் பழக்கியதால், மணியடித்தாலே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் தேர்ந்தெடுத்ததா என்ன? ஆனால் அந்த நாலும் ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்ள அவனால் முடிந்தது. வெறுமனே 'இனி நல்லா இருப்பேன்' என்று சொல்வதைவிட, 'இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று வகுத்துக்கொள்கிறவர்கள் நினைத்ததை அதிகம் முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளைச் சேர்த்து 1999-இல் எழுதினார். அண்ணன் அதைப் படித்ததில்லை. எட்டாம் வகுப்பு.

இந்த இடத்தில் ஸ்கின்னரைச் சொல்லியே ஆக வேண்டும். உளவியலில் விதிக் கட்சியின் தலைவர் என்றால் அவர்தான். சுதந்திரமாக முடிவெடுக்கும் ஓர் 'உள் மனிதன்' யாருக்குள்ளும் இல்லை, சூழ்நிலைதான் நம்மை ஆட்டுகிறது என்று ஆயுசு முழுக்கச் சாதித்தவர். 1983-இல், எண்பதை நெருங்கும் வயதில், முதுமையில் மறதியை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். மழை வரும் என்று கேள்விப்பட்டால், கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. அந்த நிமிஷமே குடையை எடுத்து வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டிவிடு என்றார். எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. விதிக் கட்சித் தலைவர் தன் விதியைத் தானே கதவில் மாட்டி வைக்கிறார். எங்கள் அண்ணன் கையில் டார்ச்சோடு கரையில் இறங்குவதும் இதுவும் ஒரே காரியம். இதில் எது விதி, எது மதி என்று உங்கள் நடுவரைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்.

'அப்பன் குடிச்சான், மகன் குடிக்கான்' என்ற பேச்சுக்கும் வருகிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இரட்டையர்களையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, மதுவுக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம். இதை 'அவன் குடியில் பாதி அப்பன் கொடுத்தது' என்று படித்தால் தப்பு. ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு அது, ஒரு மனுஷனுடைய ஜாதகம் ஆகாது. சித்தப்பா குடித்தார். மூன்று மகன்களில் ஒருவன்தான் குடித்தான். விதி அணிக்காரர் மற்ற இரண்டு பேரை எண்ணவில்லை.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், இதுதான் உங்களுக்கு நேராக வருவது. வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே ஹெராயினில் விழுந்துவிட்டார்கள் என்று அந்த நாடே பயந்தது. அரசு கேட்டுக்கொண்டபடி லீ ராபின்ஸ் என்ற பெண்மணி, 1971-இல் ஊர் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாக இருந்திருக்கிறார். அந்த அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம். மூன்று வருஷத்தில் எண்ணினாலும் சுமார் 12 சதவீதம். பெரும்பாலானவர்கள் சிகிச்சைக்கே போகவில்லை. அத்தனை பேரும் ஒரே நாளில் மனசு வைத்தார்களா? வைத்திருக்கலாம். கூடவே முகாம் போயிற்று, சாவு பயம் போயிற்று, மலிவு விலையில் கைக்கெட்டிய சரக்கு போயிற்று, சேர்ந்து இழுத்த கூட்டாளி போனான். அம்மா வந்தாள், வேலை வந்தது. ஹெராயினும் சாராயமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஒரு போர்க்களத்தை விட்டு வந்தார்கள். அண்ணன் தான் குடித்த அதே தெருவில் இருந்துகொண்டே விட வேண்டியிருக்கிறது.

நம் கோமரத்தாடிப் பெரியப்பாவை நினைத்துப் பாருங்கள். சுடலைமாடனுக்குச் சாமியாடுகிறவர். காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம், பாயில் படுக்க மாட்டார், வெளியில் சாப்பிட மாட்டார். கொடையன்று நடுச்சாமம், வில்லுப்பாட்டில் சுடலையின் கதை அந்த இடத்துக்கு வரும், உறுமி இழுக்கும், மகுட மேளம் ஓங்கும், பெண்கள் குலவை போடுவார்கள். பெரியப்பாவின் இடது காலில்தான் முதலில் நடுக்கம் எடுக்கும். சின்னப் பிள்ளையிலிருந்து நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் தீப்பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு வேட்டைக்கு ஓடுவார். மறுநாள் காலையில் கேட்டால் "எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி" என்பார். நான் செய்கிறேன் என்ற உணர்வும் செய்கை நடப்பதும் தனித்தனியாகப் பிரியக்கூடியவை என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெரியப்பாவின் இடது கால்தான்.

அவரை யாராவது 'ஆடியது நீயா, சாமியா, தீர்ப்புச் சொல்' என்று கேட்டிருக்கிறோமா? கேட்க மாட்டோம். காப்புக் கட்ட முடிவெடுத்தது அவர். மேளம் அடிப்பது ஊர். சாமி வருவது இந்த இரண்டுக்கும் அப்புறம். மேளம் நின்றால் சாமி மலையேறிவிடும் என்று ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அண்ணன் விஷயத்தில் மட்டும் மேளம் அடிக்கிறவர்கள் யார் என்று நாம் பார்ப்பதே இல்லை. கால் ஆடுகிறதே என்று அவனைத் திட்டுகிறோம்.

போன கொடைக்கு அப்புறம் மூன்று வாரம் அவன் குடியை நிறுத்தவே இல்லை. மறுபடி எப்படி எழுந்தான் என்பதற்கு முன்னால் ஒரு நாய்க் கதை. 1967-இல் செலிக்மன், மயர் என்ற இரண்டு பேர் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். (கொடுமைதான். இன்றைக்கு அனுமதி கிடைக்காது.) சில நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நிற்கும். சில நாய்களுக்கு என்ன செய்தாலும் நிற்காது. பிறகு தாண்டக்கூடிய ஒரு சின்னத் தடுப்பு வைத்த பெட்டியில் விட்டபோது, முதல் வகை தாண்டி ஓடிற்று. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை அப்படியே படுத்து முனகிக்கொண்டிருந்தன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று எழுதினார்கள், உலகமே அதைப் பாடமாகப் படித்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2016-இல், அதே இரண்டு பேர் 'நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டோம்' என்றார்கள். நீண்ட வலிக்கு முன்னால் சுருண்டு படுப்பது உயிர்களுக்குப் பிறவியிலேயே உள்ள குணம்; 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதுதான் மூளை கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்றார்கள். அப்படிப் படுத்த நாய்களை மீட்ட வழி ஒன்று ஆரம்ப காலத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். கழுத்தில் கயிறு கட்டி, தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. இழுக்க இழுக்கக் கயிற்றின் பாரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நாய்கள் தாமே தாண்டின.

அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாமா. அவர் இந்தக் கதையெல்லாம் கேட்டதில்லை. நாலாவது வாரம் சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு, கையில் தூக்குச்சட்டியோடு முக்கில் வந்து நின்றார். அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். "பால் வாங்க வந்தேன் மாப்ள, கரை வழியாப் போவமா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார். அந்த முக்கில் பால் விற்கிற கடையே கிடையாது. இரண்டு மாசம் சனிக்கிழமை தவறாமல் காலித் தூக்குச்சட்டியோடு நடந்தார். பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் முக்கில் நின்று பார்த்துவிட்டு, தானே கரையில் இறங்கிவிட்டான்.

இப்படியெல்லாம் பேசினால் பயல்கள் பொறுப்பில்லாமல் போய்விடுவார்கள் என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். சுய விருப்பம் பொய் என்று எழுதியதைப் படித்த மாணவர்கள் அதிகம் ஏமாற்றினார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. நம் நாட்டுச் சட்டமே பொறுப்பை ஒரேயடியாக உண்டு இல்லை என்று பார்ப்பதில்லை. ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்ததன் பலன் புரிகிற முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. சித்தம் பேதலித்து, செய்வது இன்னதென்று தெரியாதவனுக்கும் தனிப் பிரிவு உண்டு. அளவு பார்க்கிறது சட்டம். அண்ணனும் ஒன்றும் தப்பித்துக்கொள்ளவில்லை. "கம்மலை அடகு வச்சது நான்தான், மீட்க வேண்டியதும் நான்தான்" என்று சொல்லி, தைமாசம் மதினியின் கம்மலை மீட்டுக் கொடுத்தான். அவனுக்கு யாரும் பொறுப்பைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பட்டிமன்றத்தை நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். வேறு நல்ல தலைப்பு கிடைக்காவிட்டால் அன்றைக்கும் வில்லுப்பாட்டே வையுங்கள், ஜனங்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஒரு ராத்திரி கூலிக்கு என் நன்கொடையை எடுத்துக்கொள்ளலாம்.

தோப்பு விஷயம். தோப்பு யாருடையது, யார் குத்தகை, யார் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் அந்த மூன்று நாள் நடக்காது. நான் சொன்னால் சிரிப்பார்கள். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அண்ணன் தன் விதியைத் தானே பார்த்துக்கொள்கிறான். அந்த மூன்று நாள் மட்டும் அது உங்கள் வரி நோட்டுக்குள் இருக்கிறது. அவன் ஒருத்தன் மட்டும் என்று நினைக்காதீர்கள். கீழத்தெருவில் இரண்டு பேர், காலனியில் ஒருவர் என்று எனக்குத் தெரிந்தே நாலு பேர் இந்த வருஷம் விட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. கொடைக்குக் கோயிலிலிருந்து கடைத்தெரு வரைக்கும் சீரியல் லைட் கட்டுவீர்கள். முக்கிலிருந்து கரை வழியாக வீட்டுக்கு வருகிற பாதை அப்போதும் இருட்டாகத்தான் கிடக்கும். அந்த மைக்செட்காரரிடம் சொல்லி, புளியமரத்தடியில் ஒன்றும் மதகு பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு டியூப்லைட் போடச் சொல்லுங்கள். கொடை முடிந்த பிறகும் கழற்ற வேண்டாம். கரண்டுக்கு ஆவதை மாசா மாசம் அம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம், சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மேலத்தெரு மச்சுவீட்டு மகள்,
பாளையங்கோட்டை.